மூன்று சென்டிமீட்டர்

ஜன்னலடி ரேடியேட்டரிலிருந்து
துணி அலமாரியின் பக்கப்பலகை வரை
நூற்று நாற்பது சென்டிமீட்டர்.
ஆழம் முப்பத்தெட்டு.
அதற்கு மேல் நீட்டினால் கதவு இடிக்கும்;
இரவு வேலை முடிந்து வரும் ரதிம்
கோபமே இல்லாமல்
இடித்துக்கொண்டே உள்ளே வருவான்.
ஓஸ்ட்ராவாவில், எட்டாவது மாடியில்,
எனக்கு வாய்த்த பூமி இவ்வளவுதான்.

நூற்றிருபதில் ஒரு பங்கு அளவில்
இது நூற்று அறுபத்தெட்டு மீட்டர் நாடு.
ஓடினால் அரை நிமிடத்தில் எல்லை.

எல்லோரையும் போல
முதலில் வட்டம்தான் வரைந்தேன்.
காகிதம் எதையும் மறுக்காது,
பென்சில் முனை எந்த வளைவிலும் தடம் புரளாது.
கடையில் விற்கிற தண்டவாளமோ
முப்பத்தொரு சென்டிமீட்டர் ஆரம் கேட்கிறது;
அதைவிட இறுக்கினால்
பெட்டிகள் முட்டிக்கொண்டு சாயும்.
அறுபத்திரண்டு அகல வட்டத்தை
முப்பத்தெட்டில் வைக்க
அளவுகோல் போதாது, மந்திரம் வேண்டும்.

அழித்தேன்.
தாளில் ஒரு பள்ளம் மட்டும் மிச்சம்.
விளக்கைச் சாய்த்தால் இப்போதும் தெரியும்.

சரி, சுற்ற வேண்டாம்.
போகட்டும், வரட்டும்.
ஒரு சரக்கு முற்றம்: மூன்று பாதை, இரண்டு பாயிண்ட்,
கிழட்டு டீசல் எஞ்சின், ஐந்து பெட்டி.
பீர் ஒன்று, கரி ஒன்று, மரம் ஒன்று,
மீதி இரண்டும் என்ன ஏற்றுமென்று
இன்னும் முடிவாகவில்லை.
சீட்டுக் குலுக்கிப் போட்டு
விழுகிற வரிசையில் கோத்துக் கொடுக்க வேண்டும்.
இழுத்து, விட்டு, தள்ளி, மறுபடி இழுத்து
அரை மணி நேரம்.
நாலு முழம் தாண்டாமலே
ஊர் சுற்றிய அலுப்பு வந்துவிடும்.

பாயிண்ட் படங்களை வெட்டிச்
சாப்பாட்டு மேசையில் பரப்பினேன்.
மூன்று நாள் சூப்பை
மடியில் வைத்துக் குடித்தோம்.

எஞ்சினும் இரண்டு பெட்டியும்
ஒதுங்கி நிற்க ஒரு வால் பாதை வேண்டும்.
அதற்கு முப்பத்து மூன்று.
எப்படித் திருப்பிப் போட்டாலும்
அலமாரி ஓரத்தில் மிஞ்சியது முப்பது.
இரண்டு விரல் அகலம் குறைந்ததற்கு
கடைசிச் சக்கரம் பாயிண்ட் மேலேயே நிற்கும்,
மொத்த முற்றமும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

ரதிமிடம் கேட்டேன்:
அலமாரியில் ஒரு துளை போடட்டுமா.
ஐந்து அகலம், ஏழு உயரம்,
உள்ளே வெறும் மூன்று சென்டிமீட்டர்.
வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.
“இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவாய்.”
கொஞ்சம் பொறுத்து,
“அறுக்குமுன் என் நீளக் கோட்டை எடுத்துவிடு.”

பகலில் தூங்குகிறவன் அவன்.
ஞாயிறு மதியம், விழித்திருந்த நேரம் பார்த்து அறுத்தேன்.
மரத்தூள் அவன் ஷூக்களுக்குள் பெய்தது.
கோட்டை எடுக்க மறந்திருந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன்.
துளை விழுந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
உள்ளே எண்பது சென்டிமீட்டர் இருட்டு
சும்மா கிடந்தது.
யாரால் மூன்றோடு நிற்க முடியும்?

இப்போது வண்டி
பூச்சி உருண்டை வாசத்துக்குள் நுழைந்து
கம்பளி விளிம்புகளில் வெளிச்சம் உரச
மெல்லப் போய் நிற்கிறது.
அது எந்த ஊரென்று வரைபடத்தில் எழுதவில்லை.
ரதிம்தான் பெயர் வைத்தான்: வெளிநாடு.

நேற்று மாலை வேலைக்குக் கிளம்புமுன்
அவன் அலமாரியைத் திறந்து மூடும் சத்தம்.
எட்டரைக்கு வண்டியைத் திரும்ப அழைத்தேன்.
எதுவும் ஏற்றாத பெட்டியில்,
அதன் அகலம் முழுக்க,
ஒரு கோட்டுப் பொத்தான்.
அறுந்த நூல் இன்னும் அதில்.

தைத்துக் கொடு என்கிறானா,
சரக்கு அனுப்பியிருக்கிறானா?
காலையில் கேட்கலாம்.
அதுவரை
இரண்டாம் பாதையில் நிறுத்தியிருக்கிறேன்.